டச்பேட் வேலை செய்யவில்லையா? முதலில் பக்கவாட்டில் பாருங்கள்

இந்த இதழில் ஒரு சின்னத் தொழில்நுட்பப் பாடம். பாடத்தைவிட அதில் நான் செய்த தவறுதான் பெரிசு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உங்களில் யாராவது ஒருவர் அதே தவறைச் செய்யாமல் இருந்தால் போதும்.

எங்கள் வீடு பிரிஞ்சாங்கில், தேயிலைத் தோட்டத்துப் பக்கம். நான் பொறியியல் படிப்பது கீழே சமவெளியில். சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். பூஜையன்று சாமி மேடைக்கு முன்னால் அப்பாவின் ஸ்பேனர் பெட்டி, அம்மாவின் தையல் மெஷின், தங்கையின் பாடப் புத்தகங்கள், அதோடு என் மடிக்கணினி எல்லாம் வரிசையாக இருந்தன. அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். என் மடிக்கணினியைத் திறந்து, "விரல் வைக்கிற இடம் இதுதானேய்யா?" என்று கேட்டு, டச்பேட் மேலேயும் ஒரு பொட்டு வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. திங்கட்கிழமைக்குள் புராஜெக்ட் முன்மொழிவை அனுப்ப வேண்டும். காலையில் சார்ஜ் போட்டுக் கொஞ்ச நேரம் வேலை செய்தேன், ஒன்றும் இல்லை. மதியம் டச்பேட் நின்றுவிட்டது. அம்புக்குறி அசையவே இல்லை. காய்ந்த சந்தனம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. அவ்வளவுதான், வாய் முந்திவிட்டது. "ஏம்மா இதுமேல போய் சந்தனம் வச்சீங்க? ஈரம் உள்ள இறங்கிடுச்சு!" அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விட்டார். அன்று முழுக்க என்னிடம் அதிகம் பேசவில்லை.

சந்தனம் காரணமே இல்லை என்று தெரிய எனக்கு நள்ளிரவு ஆனது.

டச்பேட் எப்படி வேலை செய்கிறது?

பழுதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். டச்பேட் நாம் அழுத்துவதை உணர்ந்து அம்புக்குறியை நகர்த்துவதில்லை. அதன் மேல்தோலுக்கு அடியில் மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக, கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி, வலையாக இருக்கின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் மிகச் சிறிய அளவு மின்னேற்றம் தேங்கி நிற்கும். நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். ஆகையால் விரல் அருகே வந்ததும் அந்த இடத்தின் மின்தேக்க அளவு மாறுகிறது. உள்ளே இருக்கும் ஒரு சில்லு, நொடிக்கு ஏறக்குறைய நூறு தடவை வலை முழுவதையும் அளந்து, விரல் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. பென்சிலால் தேய்த்தால் அது அசையாததும், குளிருக்குக் கம்பளிக் கையுறை போட்டால் வேலை செய்யாததும் இதனால்தான்.

இந்தத் துறையில் பெரிய பெயர் சினாப்டிக்ஸ். 1986இல் அதைத் தொடங்கியவர்கள் ஃபெடரிகோ ஃபாஜினும் கார்வர் மீட்டும். 1971இல் வந்த இன்டெல் 4004 சில்லை வடிவமைத்தவர்களில் ஒருவர்தான் இந்த ஃபாஜின். 1994இல் ஆப்பிளின் பவர்புக் 500 வரிசை டச்பேடோடு வெளிவந்தது. அதன் பிறகு மடிக்கணினியில் உருண்டைப் பந்தை உருட்டும் வழக்கம் மெல்ல மறைந்துபோனது.

கிளிக் மட்டும் தனி விஷயம். பெரும்பாலான மடிக்கணினிகளில் டச்பேட் மேல் ஓரத்தில் கீல் போட்டது போல நிற்கும். கீழ்ப்பகுதியை அழுத்தினால் அது கொஞ்சம் இறங்கி, அடியில் இருக்கும் சின்னப் பொத்தானைத் தட்டும். அது இறங்க ஒரு மெல்லிய இடைவெளி வேண்டும். இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும் வரிசை

செலவில்லாததை முதலில், செலவுள்ளதைக் கடைசியில் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. கீழே இருப்பது நான் அன்று செய்த வரிசை அல்ல, செய்திருக்க வேண்டிய வரிசை.

படி 0: கண்ணால் பாருங்கள். மடிக்கணினியைச் சமமான மேசையில் வையுங்கள். ஆடுகிறதா? டச்பேட் மேல் ஓர் அடிக்கோலைப் படுக்க வையுங்கள். நடுவில் மேடு தெரிகிறதா? பக்கவாட்டில் மேல் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே விரிசல் தெரிகிறதா? கிளிக் முன்பைவிடக் கனமாக இருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மற்ற படிகளை விட்டுவிட்டு, கீழே 'உப்பிய பேட்டரி' பகுதிக்குப் போங்கள்.

படி 1: துடையுங்கள், கழற்றுங்கள். கணினியை அணைத்து, உலர்ந்த மென்துணியால் டச்பேடைத் துடையுங்கள். ஈரம் இருந்தால் சில்லு அதையும் விரல் என்று நினைக்கும். நம் மலைக்கு இது முக்கியம். இரவுக் குளிரில் கிடந்த மடிக்கணினியைச் சோறு கொதிக்கும் அடுப்படிக்குக் கொண்டுவந்தால், மூக்குக் கண்ணாடியில் புகை படிவது போல அதன்மேலும் ஈரம் படியும். கீழே போகும்போது இன்னும் மோசம். ஏர்கோன் பஸ்ஸில் குளிர்ந்த கணினியைத் தாப்பா வெக்கையில் உடனே திறக்காதீர்கள். பையிலேயே அரை மணி நேரம் விட்டு, அது வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

அடுத்தது சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் டச்பேட் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி சார்ஜர்தான். மலிவான சார்ஜர், அல்லது நில இணைப்பு இல்லாத பிளக் மாற்றி, மின் இரைச்சலை உள்ளே விடும். அம்புக்குறி தானாகக் குதிக்கும். உலோக உடம்பு உள்ள கணினியைத் தொட்டால் லேசாகக் கூசுவதும் இதன் அறிகுறிதான். மூன்று முள் பிளக்கில் நீளமான அந்த மூன்றாவது முள் சும்மா இல்லை.

படி 2: பூட்டு விசை. விசைப்பலகையின் மேல் வரிசையில் டச்பேட் படம் போட்ட விசை இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்-என் விசையோடு சேர்த்து அதைத் தெரியாமல் தட்டியிருக்கலாம். சில பழைய மாடல்களில் டச்பேடின் இடது மேல் மூலையை இரண்டு தட்டு தட்டினால் பூட்டிக்கொள்ளும். எங்கள் ஹாஸ்டலில் 'டச்பேட் செத்துப்போச்சு' என்று வந்த கேஸ்களில் பல இந்தப் படியிலேயே முடிந்திருக்கின்றன.

படி 3: ரீஸ்டார்ட், ஷட்டவுன் அல்ல. இரண்டும் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விண்டோஸ் 8 தொடங்கி 'வேகத் தொடக்கம்' என்ற வசதி வந்தது. அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால், இயங்குதளத்தின் மையப் பகுதி தன் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. மறுபடி எழுப்பினால் பழைய கோளாறோடே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முதலிலிருந்து தொடங்கும். மவுஸ் இல்லாமல் செய்ய: விண்டோஸ் விசையையும் எக்ஸையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு யூ, பிறகு ஆர். அதற்கு முன் கன்ட்ரோல் + எஸ் அழுத்தி வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

படி 4: அமைப்புகள். விண்டோஸ் விசையை அழுத்தி, ஆங்கிலத்தில் டச்பேட் என்று தட்டி என்டர் கொடுங்கள். டேப் விசையால் நகர்ந்து, ஸ்பேஸ் விசையால் இயக்கலாம், அணைக்கலாம். வெளி மவுஸ் செருகினால் டச்பேட் நின்றுவிடும்படி ஓர் அமைப்பும் அங்கே இருக்கும். ஒயர்லெஸ் மவுஸின் சின்ன ரிசீவரைச் செருகிவிட்டு மறந்தவர்களுக்கு இது வரும். எண் பலகை உள்ள விசைப்பலகை என்றால் இன்னொரு வழி உண்டு. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண் விசைகளாலேயே அம்புக்குறியை நகர்த்தலாம்.

படி 5: டிரைவர். விண்டோஸ் விசை + எக்ஸ், பிறகு எம். சாதனப் பட்டியல் திறக்கும். மவுஸ் பகுதியிலோ, ஹெச்ஐடி என்று தொடங்கும் பகுதியிலோ டச்பேட் இருக்கும். அம்பு விசையால் அதைத் தேர்ந்து ஆல்ட் + என்டர் அழுத்தினால் அதன் விவரங்கள் வரும். புது அப்டேட் வந்த மறுநாளே கோளாறு தொடங்கியிருந்தால் டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்புங்கள். இல்லையென்றால் அந்தச் சாதனத்தை மட்டும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். பெரும்பாலும் விண்டோஸ் தானாகவே மறுபடி நிறுவிக்கொள்ளும்.

படி 6: மென்பொருளா, வன்பொருளா? எனக்கு ரொம்பப் பிடித்த படி இது. பென்டிரைவில் உபுண்டு போன்ற லினக்ஸை ஏற்றி, கணினியில் நிறுவாமலேயே அதிலிருந்து ஓடவிடுங்கள். அங்கே டச்பேட் வேலை செய்தால் பழுது விண்டோஸில்தான் இருக்கிறது. கடைக்குப் போய்க் காசு கொடுக்க வேண்டாம். அங்கேயும் வேலை செய்யவில்லை என்றால் பழுது பெரும்பாலும் வன்பொருளில்.

நான் படி 2இலிருந்து படி 6 வரை வேர்க்க வேர்க்கச் செய்தேன், பிரிஞ்சாங் குளிரில். லினக்ஸிலும் டச்பேட் அசையவில்லை. வன்பொருள்தான் என்று உறுதியானதும் மறுபடியும் சந்தனத்தின் மேலேயே சந்தேகம் போனது. மூடியைக் கழற்றி உள்ளே துடைக்கலாம் என்று அப்பாவின் பெட்டியிலிருந்து தட்டை ஸ்குரூடிரைவரை எடுத்து வந்து உட்கார்ந்தேன்.

தங்கை பார்த்தது

அவள் நான்காம் படிவம். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், "அண்ணே, நீங்க தட்டும்போது லேப்டாப் ஆடுது. மேசை நேராதானே இருக்கு?" என்றாள்.

அப்போதுதான் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். அடிப்பாகம் வயிறு தள்ளியது போல இருந்தது. டச்பேடின் நடுவில் லேசான மேடு. கை வைக்கும் இடத்தில் மூடியின் தையல் பிளந்து, ஒரு நகம் நுழையும் அளவுக்கு விரிசல். ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த முனை போகவிருந்த இடத்துக்கு நேர் கீழேதான் பேட்டரி இருந்தது.

உப்பிய பேட்டரி

மடிக்கணினியில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. இதை உருவாக்கிய மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மெல்லிய மாடல்களில் அது ஒரு தட்டையான பை மாதிரி, பெரும்பாலும் நாம் கை வைக்கும் பகுதிக்கும் டச்பேடுக்கும் அடியிலேயே இருக்கும். வயதாகும்போதும், அதிகச் சூட்டிலும், எப்போதும் நூறு சதவிகிதச் சார்ஜிலேயே வைத்திருக்கும்போதும் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது. பை உப்புகிறது. டச்பேட் இறங்க இருந்த மெல்லிய இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. கிளிக் முதலில் கனமாகும். பிறகு அழுத்தியபடியே சிக்கிக்கொள்ளும். கணினியோ நாம் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக் குழம்பும். இன்னும் தள்ளினால் டச்பேட் பலகையே வளைந்து, உணர்வதை நிறுத்திவிடும்.

யோசித்துப் பார்த்தால் அறிகுறிகள் எல்லாம் முன்பே இருந்தன. இரண்டு வாரமாக கிளிக் கனமாகத்தான் இருந்தது. "தூசியா இருக்கும்" என்று விட்டுவிட்டேன். ஹாஸ்டலில் நாள் முழுக்கச் சார்ஜரிலேயே வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த இரண்டு இரவும், குளிருக்குப் போர்வைக்குள் உட்கார்ந்து, போர்வை மேலேயே கணினியை வைத்து வேலை செய்தேன். காற்றுத் துளைகளைப் போர்வை மூடிக்கொண்டது. ஊரே நடுங்கும் குளிரில் என் கணினி மட்டும் சூட்டில் வெந்திருக்கிறது.

அப்படியானால் கீழே ஓடிய டச்பேட் ஏன் மேலே வந்ததும் நின்றது? அதற்கும் தங்கையின் பாடப் புத்தகத்தில் விடை இருந்தது. தாப்பாவில் வாங்கிய முறுக்குப் பாக்கெட் மலை ஏறி வரும்போது பலூன் மாதிரி உப்பிவிடும், நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்குதான். பாயில் விதிப்படி வெளி அழுத்தம் குறைந்தால் அடைபட்ட வாயு விரியும். தடுக்க ஒன்றும் இல்லாத பையில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். நல்ல பேட்டரிக்குள் வாயு இல்லை, அதற்கு மலை ஒன்றும் செய்யாது. என் பேட்டரிக்குள்தான் ஏற்கெனவே வாயு சேர்ந்திருந்ததே. போர்வைச் சூடும் மலை உயரமும் மிச்ச வேலையை முடித்துவிட்டன. சந்தனம் பாவம், அது டச்பேடின் மேல்தோலிலேயே காய்ந்து உட்கார்ந்திருந்தது.

உப்பியது தெரிந்தால் என்ன செய்வது?

உடனே சார்ஜரைக் கழற்றி, கணினியை அணையுங்கள். மறுபடி இயக்கவோ சார்ஜ் போடவோ வேண்டாம். 'ஒரு ஃபைல் மட்டும் எடுத்துக்கிறேன்' என்ற ஆசையும் வேண்டாம்.

அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள், குத்தாதீர்கள், வளைக்காதீர்கள். பை கிழிந்தால் தீப்பிடிக்கலாம்.

மெத்தை, போர்வை, கேஸ் தோம்பு இவற்றிலிருந்து தள்ளி, வெறும் சிமெண்டுத் தரையில் வையுங்கள். இறுக்கமான பெட்டியில் அடைக்க வேண்டாம்.

புகை வந்தாலோ, சூடு ஏறினாலோ, இனிப்பாக மருந்து நெடி அடித்தாலோ எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 999க்கு அழையுங்கள். கணினியைக் காப்பாற்றத் திரும்ப உள்ளே ஓடாதீர்கள்.

பழகியவரிடம் கொடுத்து மாற்றுங்கள். பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை பெரும்பாலும் விற்கப்பட்ட 15 அங்குல மேக்புக் ப்ரோ மடிக்கணினிகளின் பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று 2019 ஜூனில் ஆப்பிள் நிறுவனமே அறிவித்து, இலவசமாக மாற்றிக் கொடுத்தது. விலை உயர்ந்த கணினி என்பதால் இது வராது என்று நினைக்க வேண்டாம்.

மறுநாள்

அன்றிரவு என் கணினி அடுப்படிக்கு வெளியே சிமெண்டுத் திண்ணையில் தனியாகக் கிடந்தது. காலையில் அப்பா மோட்டாரில் என்னைத் தானா ராத்தாவுக்கு, தெரிந்த ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். தவுக்கே மூடியைக் கழற்றியதும் தலையணை மாதிரி உப்பிய பேட்டரியைக் காட்டி, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். புது பேட்டரி வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றார். வட்டை மட்டும் கழற்றி வெளிப்பெட்டியில் போட்டு, புராஜெக்ட் கோப்பை எடுத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்காவின் கணினியில் மிச்சத்தை எழுதித் திங்கட்கிழமை அனுப்பிவிட்டேன். புது பேட்டரி போட்டதும் டச்பேட் தானாகவே ஓடியது. டச்பேடுக்கு ஒரு காசுகூடச் செலவு இல்லை. பேட்டரிக்கு ஆன இருநூறு சொச்சம் வெள்ளியை அப்பா கொடுத்தார். அது அவருடைய ஓவர்டைம் பணம் என்று எனக்குத் தெரியும்.

கடையிலிருந்து வந்ததும் அடுப்படிக்குப் போய், "அம்மா, சந்தனம் இல்லம்மா. நான் போர்வையில வச்சதுதான்" என்றேன். அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே, "நல்லா ஓடட்டும்னுதான்யா வச்சேன்" என்றார். "தெரியும்மா, மன்னிச்சிருங்க." அவர் என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார். வேறு ஒன்றும் பேசவில்லை, ஆனால் அதற்குப் பிறகு பேச்சு பழையபடி ஆகிவிட்டது.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரம் பள்ளியில் எல்லாரும் படித்ததுதான். நோய் எது, அது எதனால் வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வைத்தியம் என்று வள்ளுவர் சொல்கிறார். நான் எதையும் பார்க்காமல் நேராகத் தீர்ப்புக்குப் போய்விட்டேன். அதுவும் யாரிடம்? கோபித்துக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரிந்தவரிடம்.

இனி நான் கடைப்பிடிப்பவை: கணினியைப் பலகை மேல் மட்டுமே வைக்கிறேன். சார்ஜ் 80 சதவிகிதத்தில் நிற்கும்படி அமைப்பை மாற்றியிருக்கிறேன், உங்கள் கணினியிலும் இந்த வசதி இருக்கலாம், தேடிப் பாருங்கள். வாரம் ஒரு முறை கோப்புகளைப் பென்டிரைவில் படி எடுக்கிறேன். மாதம் ஒரு முறை பக்கவாட்டில் குனிந்து பார்க்கிறேன்.

கிளையில் செய்து பார்க்க

1. அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொண்டு வாருங்கள். அடிக்கோலும் சமமான மேசையும் போதும். படி 0 மட்டும் எல்லாருக்கும் செய்து பாருங்கள்.

2. மவுஸையும் டச்பேடையும் தொடாமல், விசைப்பலகையால் மட்டும் ஒரு கோப்பைத் திறந்து, ஒரு வரி எழுதி, சேமித்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். யார் முதலில் முடிக்கிறார் என்று பார்ப்போம்.

3. காற்றுப் புகாத தின்பண்டப் பாக்கெட் ஒன்றைத் தாப்பாவிலிருந்து பிரிஞ்சாங்குக்குக் கொண்டுவந்து, கீழேயும் மேலேயும் அதன் தடிமனை அளந்து எழுதுங்கள். தம்பி தங்கைகளுக்குப் பாயில் விதி அதற்குப் பிறகு மறக்காது. அளந்த பிறகு பாக்கெட்டை என்ன செய்வது என்று நான் சொல்லித் தரத் தேவையில்லை.